சட்டைக்குள் ஒரு போட்டோ

கிளப் அறைச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்ததும் புதுக் கோச் மவூட்டோ அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கோப்பை இறுதியாட்டம். பந்து வலைக்குள் கிடக்கிறது. இந்தக் கிளப்பை எதிர்த்து ஆடிய அணியின் டிஃபெண்டர் ஒருவன் தலையில் கைவைத்து நிற்கிறான். சாட்சாத் இவரேதான்! சொந்த வலைக்குள்ளேயே தலையால் முட்டிக் கோல் போட்ட மகானுபாவர்.

அந்த ஒரு கோலுக்காக சொந்த ஊரில் துரத்தினார்கள். அப்புறம் கோச்சாகப் போன மூன்று கிளப்பிலும் கதை தெரிந்த மறுவாரமே சீட்டைக் கிழித்தார்கள். இந்த நகாட்டா பே கிளப் வலியக் கூப்பிட்டு வேலை கொடுத்தது விஷயம் தெரியாததால்தான். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இதுவும் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

சட்டென்று போட்டோவைக் குட்டிக் கண்ணாடி ஃபிரேமோடு கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கேப்டன் யமிகானி உள்ளே வந்தான்.

"கோச், இங்க இருந்த போட்டோ எங்க?"

"ஒரே தூசியா இருந்துச்சு. துடைக்கக் குடுத்திருக்கேன்."

"யாருகிட்ட?"

"அது... துணி துவைக்கிற அக்காகிட்ட."

அவன் ஜன்னல் வழியாகக் கத்தினான். "தியோங்கே அக்கா! போட்டோ உங்ககிட்டயா?"

"என்கிட்ட பதினோரு அழுக்கு டிரவுசர்தான்டா இருக்கு!"

மவூட்டோவுக்கு வியர்த்தது. "சரி சரி, பிராக்டிஸுக்கு நேரமாச்சு, வா."

"அந்தக் காலத்துல நீங்க டிஃபெண்டர்தானே, கோச்?"

"எவன்டா சொன்னது? நான் கோல்கீப்பர்!"

"அட, நல்லதாப் போச்சு! நம்ம கீப்பருக்கு மலேரியா. நீங்களே நில்லுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒன்பது பந்து வந்தது. ஒன்பதும் உள்ளே போனது. போதாக்குறைக்கு கிளப் தலைவர் கொண்டோவே வேறு வந்து எல்லைக்கோட்டருகே நின்றார். இதையாவது பிடித்து மானத்தைக் காப்பாற்றுவோம் என்று பத்தாவது பந்துக்குப் பாய்ந்து விழுந்தார் மவூட்டோ. சட்டைக்குள் கண்ணாடி நொறுங்கியது. போட்டோ புல்லில் வந்து விழுந்தது.

பையன்கள் கூடிவிட்டார்கள். போட்டோவைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

"ஆமாய்யா, நான்தான்!" கண்ணாடிச் சில்லை உதறிக்கொண்டே எழுந்தார். "மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிடறேன். சிரிச்சு முடிச்சுட்டு வழி விடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் குழப்பத்தோடு தலையைச் சொறிந்தார். தியோங்கேதான் ஈரக்கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள்.

"எங்க கிளம்புறீங்க? முப்பது வருஷத்துல ஃபைனல்ல நம்ம கிளப்புக்குன்னு கோல் போட்ட ஒரே ஆளு நீங்கதானேன்னு தலைவரு உங்களைத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்திருக்காரு!"