மிளகாய்ச் சாக்கும் மின்சார கிதாரும்

வாலிபன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கிதார் வாசித்தால், இசையில் கரைந்துவிட்டான் என்று நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் மூடியிருப்பான். (என் விஷயத்தில் அந்தப் பயம் ரொம்ப நியாயமானது என்று பிறகு தெரிந்தது.)

அறுபதுகளின் ஆரம்பம். மட்டாஞ்சேரியில் மிளகாய், சுக்குக் கிடங்குகள் நெருக்கியடித்த சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா அங்கேயே ஒரு கிடங்கில் குமாஸ்தா. எனக்கு எர்ணாகுளத்து ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. தினமும் படகில் போய்வருவேன். ஃபோர்ட் கொச்சியில் பிலோமினா ஏறுவாள். ஆங்கிலோ இந்தியப் பெண், ஏதோ ஆபீசில் டைப்பிஸ்ட், தன் அண்ணன் நடத்திய வாத்தியக் குழுவின் பாடகி. அவள் வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டு காதில் விழ வேண்டும் என்பதற்காகவே நான் படகின் இஞ்சின் பக்கம் உட்காரமாட்டேன்.

ஒருநாள், குழுவில் மின்சார கிதார் இல்லையே என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். நானே செய்து நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். (செய்யவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது.) கிறிஸ்துமஸ் விருந்தில் வாசிக்கட்டும், தேறினால் சேர்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனும் சம்மதித்தார். சேர்ந்தால் வாராவாரம் அவள் பக்கத்தில் நிற்கலாம். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பின்கட்டு பட்டறையானது. மின்சார கிதாரை நான் ஒரு பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தேன், அதுவும் முன்பக்கம் மட்டும். அது எவ்வளவு கனம் என்று படம் சொல்லவில்லை. ஆகவே பலாப்பலகையில் மணைக்கட்டை கனத்துக்கு உடம்பைச் செதுக்கினேன். தோளில் மாட்டினால் அது என்னை முன்னால் இழுத்து, எல்லோரையும் வணங்கி நிற்கவைத்தது. கழுத்துக்கு ஈட்டி மரத்துண்டு. தந்திகளின் அதிர்வை மின்சாரமாக்க அவற்றுக்கு அடியில் ஒரு சுருள் வேண்டும்; உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தின் மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். அதற்கு அம்மாவின் தையல் மெஷினில் நூல்கண்டு சுற்றும் சக்கரம் கச்சிதமாக இருந்தது.

"என் ரவிக்கை இன்னும் வெட்டின துணியாவே கிடக்கு. நீ மெஷின்ல கம்பி சுத்திண்டிருக்கியே" என்றாள் அம்மா.

சத்தம் பெருக்கும் பெட்டியைத் தேயிலைப் பெட்டியில் அமைத்தேன். அது கடகடவென்று அதிர்ந்தது. உள்ளே சாக்கு ஒட்டினால் அதிர்வு அடங்கும் என்பது ரேடியோக்காரர்களுக்குத் தெரிந்த வழி. அப்பாவின் கிடங்கிலிருந்து ஒரு வற்றல் மிளகாய்ச் சாக்கை வாங்கி, உதறி, உள்ளே ஒட்டினேன். ரேடியோப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகி, வீட்டில் பலமுறை வாசித்துப் பார்த்தேன். ஒருவரும் தும்மவில்லை. தும்மவும் மாட்டார்கள். எங்கள் சந்துக்காரர்களுக்கு மிளகாய் நெடிதான் காற்று.

விருந்தன்று ஃபோர்ட் கொச்சி சர்ச் ஹாலில் கூட்டம். கடல்காற்றில் வளர்ந்த மூக்குகள் அத்தனையும். பிலோமினா வெள்ளை கவுனில் வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒலியை முழுசாகத் திருகிவிட்டுக் கண்ணை மூடினேன்.

முதல் தந்தியைச் சுண்டினேன். நான் இழைத்த மரம் பேசியது, அவள் அதோடு சேர்ந்து பாடினாள். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சற்று நேரத்தில் அவள் குரல் தழுதழுத்தது. பிறகு நின்றேபோனது. கூட்டத்தில் விசும்பல்கள். அழவைத்துவிட்டேனே என்று பெருமிதம் பொங்க, இன்னும் உருக்கமாக வாசித்தேன்.

யாரோ மின்சாரத்தைப் பிடுங்கினார்கள். கண்ணைத் திறந்தேன். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஸ்பீக்கர் சாக்கிலிருந்த மிளகாய்த்தூளை ஹாலுக்குள் ஊதியிருக்கிறது. பாதிரியார் மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார். அண்ணன் டிரம்மின் மேல் கவிழ்ந்துகிடந்தார். ஹாலிலேயே ஈரமில்லாத கண்கள் என்னுடையவைதான்.

வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா, மலையாளம் கலந்த தன் அரைத் தமிழில் கேட்டாள்: "உனக்கு மாத்திரம் எந்தா கண்ணு எரியாதது?"

கிதார் கனத்தில் குனிந்தபடியே நின்றேன். குழுவில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகும் வெகுநாள் நான் படகில் இஞ்சினுக்கு எட்டியே உட்கார்ந்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். கிதார் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. கதை முழுவதும் என் மனைவிக்குத் தெரியும். சமையலறையில் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம், "நம்மாத்துக் கச்சேரி ஆரம்பமாயிடுத்து" என்பாள். பேரக்குழந்தைகள் வேண்டுமென்றே இருமுவார்கள்.

நான் நிஜமாகவே இருமுவேன். அந்த மிளகாய்ச் சந்திலிருந்து வந்து காலம் ஆகிவிட்டது, என் மூக்கும் எல்லோருடைய மூக்கையும் போல ஆகிவிட்டது. கண்ணில் தாரை தாரையாகக் கொட்டும். மிளகாய்தானே என்று மனைவி முந்தானையை நீட்டுவாள். ஆமாம் என்று வாங்கித் துடைத்துக்கொள்வேன்.

எனக்கும் எரிகிறது, பிலோமினா.