அஞ்சலிக்குப் போன சைடுகார்

பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட வைக்கிறவன் அதோடு நிற்கமாட்டான். அது ஓடுவதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவான். அந்த ஆசை மட்டும் இல்லாதிருந்தால் நான் இன்று புதுச்சேரி குருசுக்குப்பத்தில் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பேன்.

என்னுடையது உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ வண்டி. பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும் சைடுகாரும் உண்டு. பிள்ளைச்சாவடியில் ஒரு தென்னந்தோப்பில் துருப்பிடித்துக் கிடந்தது. (சைடுகாரில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் எடுத்துவந்தேன்.) துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்து, பாகம் தேடி ஊர் ஊராக அலைந்து, பட்டாளத்துப் பச்சை அடித்து முடிப்பதற்குள் எனக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. வீட்டில் கரண்டி காணாமல் போனால்கூட என் மனைவி செலின் அந்த வண்டிக்குள்தான் தேடுவாள். (இரண்டு முறை கிடைத்தும் இருக்கிறது.)

வண்டி ஓடியது. ஆனால் சூடான பிறகு நிறுத்தினால் லேசில் கிளம்பாது. சட்டை தொப்பலாக நனையும்வரை உதைக்க வேண்டும். நடுநடுவே சைலன்சரில் 'டப்'பென்று வெடிக்கும். அதைச் சரிசெய்ய எனக்குச் சோம்பல். பட்டாளத்து வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

எதிர்வீட்டில் செலினின் பெரியப்பா லெயோன் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அங்கே என்ன செய்தீர்கள் என்று யார் கேட்டாலும் உருளைக்கிழங்கு உரித்தேன் என்பார். மூட்டை மூட்டையாக உரித்த கதையை அவர் நடித்துக் காட்டும்போது எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். சண்டை நடந்த காலத்தில் அவர் அல்ஜீரியாவில் இருந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும். அங்கே உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்திருப்பார் என்று நாங்கள் நினைத்ததில்லை.

நவம்பர் மாதம் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி நடக்கும். பெரியவர் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஆட்டோவில் போய்வருவார். அந்த வருடம் நான் அவரை விடவில்லை. பட்டாளத்து வண்டியில் ஒரு பட்டாளத்துக்காரர் வந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் நச்சரித்தேன். அவருக்கு இஷ்டமில்லை. கடைசியில், எனக்காகத்தான், சரி என்றார்.

அன்று காலை நான் காக்கிச் சட்டையும் தோல் தொப்பியும் மாட்டிக்கொண்டேன். (புதுச்சேரிப் புழுக்கத்தில் தோல் தொப்பி! வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்திருப்பேன்.) சைடுகாரில் பெரியவர் கைத்தடியை மடியில் வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் நடக்க வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். நான் ஒரு தேவையும் இல்லாமல் கையசைத்தேன்.

அவரை இறக்கிவிட்ட பிறகுதான் கவலை வந்தது. வண்டியை நிறுத்தினால், திரும்பும்போது இத்தனை பேர் முன்னால் உதைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் கொஞ்சம் தள்ளி ஓரமாக விட்டு, இன்ஜினை ஓடவிட்டே வந்துவிட்டேன். அலைச் சத்தத்தில் தெரியாது என்று கணக்கு.

மலர்வளையம் வைத்தார்கள். எக்காளம் ஊதினார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். கடல்கூட அடங்கிவிட்டது போலிருந்த அந்த மௌனத்தில் என் வண்டி மட்டும் தடதடவென்று பேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார். ஓடினேன். சுவிட்சை அணைத்தேன். இன்ஜின் நிற்பதற்குள், பதற்றத்தில், அதே கை அதை மறுபடி போட்டுவிட்டது. உள்ளே தேங்கிய பெட்ரோல் மொத்தமும் சைலன்சரில் வெடித்தது.

காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. யாரோ அலறினார்கள். புகை விலகியதும் பார்த்தேன். பெரியவர் தரையில் குப்புறக் கிடந்தார். அஞ்சலிக்கு அழைக்கப்பட்டு அவர் பக்கத்தில் நின்ற வெள்ளைக் கோட்டு விருந்தினரையும் இழுத்துப் போட்டு, அவர் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு, மேலே கவிழ்ந்து கிடந்தார். கைத்தடி இல்லாமல் எழுந்து நிற்கவே முடியாத மனிதர், அந்த ஆளை எப்படி இழுத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வண்டிச் சத்தம்தான் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். வெட்கத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். எத்தனையோ முட்டாள்தனங்கள் செய்தவன் நான். அந்தச் சிரிப்பைத்தான் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை.

விருந்தினர் நல்லவர். எழுந்து, பெரியவரைத் தூக்கி நிறுத்தி, அவர் பதக்கத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் அவரை அழைத்து வந்தேன். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கும் அடி படலயே மாப்ள?"

"இல்ல மாமா. அது நம்ம வண்டிதான். வெடி இல்ல."

தலையாட்டினார். வீட்டு முனை திரும்பும்போது மறுபடி கேட்டார். "அந்தப் பையனுக்கு?"

எந்தப் பையன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த விருந்தினருக்கு அறுபது வயதிருக்கும்.

"நல்லாருக்கான் மாமா," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் விருந்துக்குள் கதை குடும்பம் முழுக்கப் பரவி, எனக்கு 'டமார் மாப்பிள்ளை' என்று பெயரும் விழுந்திருந்தது. விருந்தினர் எப்படி விழுந்தார் என்பதை மச்சான்கள் தரையில் படுத்தே காட்டினார்கள். பெரியவரும் சிரித்தார். ஆட்டோவில் அவர் கேட்டதை நான் செலினிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு, "இனிமே நம்ம தெருவுல அத ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றாள்.

அந்தக் கோளாறை இப்போது சரிசெய்துவிட்டேன். ஒரே உதையில் கிளம்புகிறது, வெடிப்பதும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைடுகாரோடு அந்த இரும்பு எருமையைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய், மெயின்ரோடு வந்த பிறகுதான் உதைக்கிறேன். வாசலில் நிற்பவர்களுக்கு அது வாராந்தர வேடிக்கை.

"இன்னா டமாரு, இன்னுமா ஸ்டார்ட் ஆவல?" என்று கேட்பார்கள்.

"ஆவல," என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கத் தள்ளுவேன்.