அமெரிக்க மாஸ்டரின் பிக்கப்

கண்டியில் வாழ்ந்த மனிதர்களில், தன் பாட்டனாரின் பெயரை யோசித்துச் சொல்லி, தன் பிக்கப்பின் பாட்டனாரின் பெயரை யோசிக்காமல் சொல்லக்கூடியவர் அமெரிக்க மாஸ்டர் ஒருவர்தான்.

அவர் அமெரிக்காவுக்குப் போனதுமில்லை, எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததுமில்லை. நாங்கள் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிற பகுதிக்குப் பெரியவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஏலத்தில் விட்டுப்போன சின்ன அமெரிக்கப் பிக்கப் ஒன்றை எடுத்திருந்தார். கூடவே ஒரு கட்டுப் பழைய மோட்டார் சஞ்சிகைகளும் வந்து சேர்ந்தன. வண்டியோடு விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

நான் புசல்லாவைக்காரன், அதே கந்தோரில் எழுதுவினைஞன். கல்யாணமான புதிதில் மாஸ்டரின் வீடு இருந்த ஒழுங்கையிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். தினமும் காலையில் என்னைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போவார். பதிலுக்கு அவர் கேட்டது என் காதுகளை மட்டும்தான்.

பிக்கப்பின் சரித்திரம் இப்படித் தொடங்கும். அமெரிக்கர்கள் வீடு அளவு லொறிகளில் பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஜப்பானியரின் சின்ன லொறிகள் அங்கே வந்து விலைப்பட்டன. அமெரிக்க மோட்டார் கொம்பனிக்கு வயிறு எரிந்தது. தனக்குச் சின்ன லொறி செய்யத் தெரியாததால் ஒரு ஜப்பான்காரனைக் கொண்டே செய்வித்து, தன் பெயரை ஒட்டி விற்றது. அந்த வம்சத்தில் வந்ததுதான் மாஸ்டரின் வண்டி. ஐரோப்பாக்காரன் அமெரிக்கக் கோழிக்கு வரி போட, அந்தக் கோபத்தில் அமெரிக்கன் வெளிநாட்டு லொறிக்கு வரி போட, வரிக்குத் தப்ப முன்பக்கத்தையும் சாமான் பெட்டியையும் தனித்தனியாகக் கப்பலில் இறக்கிப் பிறகு ஒன்றாகப் பூட்டினார்களாம்.

கோழிக்கும் லொறிக்கும் என்ன சம்பந்தம் சேர் என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்று கந்தோரைத் தாண்டி கட்டுகஸ்தோட்டை வரை போய்த் திரும்பினோம். பிந்தி வந்ததற்கு வரவுப் புத்தகத்தில் இரண்டு பேருக்கும் சிவப்புக் கோடு விழுந்தது.

எண்ணெய் விலை ஏறியதும் கொம்பனி ஒருவழியாகத் தானே சின்னப் பிக்கப் செய்யக் கற்றுக்கொண்டது. ஆறு சிலிண்டர், நான்கு சில்லுக்கும் இழுவை, சீற்றுக்குப் பின்னால் இடம். அந்தப் புது வண்டியின் படத்தை மாஸ்டர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். மற்றவர்கள் அந்த இடத்தில் பிள்ளையாரை வைத்திருந்தார்கள்.

வண்டியில் ஒரே ஒரு சிக்கல். ஸ்டியரிங் இடப்பக்கம். அலவத்துகொட மெக்கானிக் நானா ஒருமுறை, "மாஸ்டர், இத வலப்பக்கம் மாத்திருவோமே, எல்லாரும் அப்படித்தானே செய்ற" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. தாய் தகப்பனை மாற்றச் சொன்னதுபோல முகம் வாடிப்போனார்.

அதனால் இந்த நாட்டில் சாரதி உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பொலிஸும் ஆமியும் வழிக்கு வழி மறித்து 'நீ யார்' என்று கேட்கிற காலம் அது. கேள்வி எல்லாம் என் ஜன்னலுக்கே வரும். நான் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்க, மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து கோழி வரியைச் சிங்களத்தில் விளக்குவார். பாதிப் பேர் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்த அன்று பட்டணத்துப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கு என் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. பஸ் இல்லை, வாடகைக் காரும் இல்லை, தமிழர்கள் வெளியே தலைகாட்டவும் இல்லை. மாஸ்டரிடம் ஓடினேன். அவர் வீட்டில் கட்டியிருந்த சாறனோடேயே வந்து வண்டியைக் கிளப்பினார். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க, ஆச்சரியம், சரித்திரம் வரவில்லை.

பேராதனைக்குக் கிட்ட முப்பது பேர் பொல்லு தடிகளோடு மறித்தார்கள். வழக்கம்போல என் பக்கத்துக்கே வந்தார்கள். கதவைத் திறந்து சாவியைக் கொடு என்றார்கள். என்னிடம் இல்லை என்றேன். ஸ்டியரிங்கே இல்லாத சாரதியைப் பார்த்து ஒரு கணம் திகைத்தவர்கள், நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நடுவில் இருந்த என் மனைவி அலறினாள். நான் செத்தேன் என்றே நினைத்தேன்.

மாஸ்டர் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கழற்றிக்கொண்டு இறங்கிச் சுற்றி வந்தார். நிதானமான சிங்களத்தில், வண்டி தன்னுடையது என்றும், இந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிச் சாவியை நீட்டினார். யாரையும் தொட விடாத சாவி அது.

அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒருவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான். பிரசவத்துக்கு இரங்கினானா, பிக்கப் ஓட்ட ஆசைப்பட்டானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வலக்கையால் கியர் போடத் தெரியாமல் வண்டியைத் துள்ள விட்டான். பின்னால் சாமான் பெட்டியில் நின்ற மாஸ்டர் கண்ணாடியில் தட்டித் தட்டி அவனுக்குக் கிளச் பழக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு அவன் போய்விட்டான். மாஸ்டரின் பேச்சுக்குப் பயந்து வண்டியை விட்டுவிட்டு ஓடுவான் என்று நான் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். அது நடக்கவில்லை.

மாலையில் மகள் பிறந்தாள். மறுநாள் பிக்கப் கம்பளை வீதியோரம் எரிந்து கிடப்பதாகச் செய்தி வந்தது.

அதற்கு அடுத்த நாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே படுத்துக் கிடந்த மாஸ்டர் வார்டுக்கு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"என்னாலதானே சேர் உங்க வண்டி போச்சு" என்றேன்.

"கொம்பனிக்காரன் வருஷா வருஷம் புதுசு விடுவான், தம்பி. நீர் பிள்ளையை இங்கால தாரும்" என்றார்.

மகளை இரண்டு கைகளிலும் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் அழ அழ, வார்டின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்தார். அந்த நிமிஷம் அவர் மேல் வந்த அன்பை நான் என் அப்பாவின் மேல் கூட வைத்ததில்லை.