ஸலாத்துக்குப் பதில் வராத செட்

மதிப்புக்குரிய மச்சான் ஸுஹைல் அவர்களுக்கு, நாவுலையிலிருந்து றஹீம் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத்தில் சொன்ன இந்த ஸலாத்துக்காவது பதில் தருவீர்கள் என்று நம்புகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை றஸ்மியாவும் மகள் றிஸ்லாவும் சுகம். குளத்துக்கு அந்தப் பக்கம் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன், கோபத்தோடுதான்.

விஷயம் இதுதான். யானை வந்தால் சொல்லிக்கொள்ள விவசாய சங்கம் நம்ம ரெண்டு வயலுக்கும் வோக்கிடோக்கி தந்ததே, அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பட்டனை அமத்தி உங்களுக்கு ஸலாம் சொல்கிறேன். சொல்லிவிட்டு டக்கென்று கையை எடுக்கிற பழக்கம் எனக்கில்லை, ஸலாம் சொன்னவன் பதில் வரும்வரை நிற்கவேண்டும், அதுதான் மரியாதை, அதனால் பெருவிரல் மரத்துப்போகும்வரை பட்டனை அமத்தியபடியே காத்திருக்கிறேன். பதில் வராது. வெறுத்துப்போய் செட்டை நிப்பாட்டிவிட்டுச் சோறு தின்னப் போகிறேன்.

முதலில் செட்டைத்தான் சந்தேகப்பட்டு, மாத்தளை டவுனில் ரேடியோ திருத்துகிற இப்திகாரிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னது இன்னும் தலைக்குள்ளே சுத்துது. ஸ்குவெல்ச் சரியாம், அது இரைச்சலை வெளியே நிறுத்தி வைக்கிற கதவாம், பலமான குரல் வந்தால்தான் திறக்குமாம். அப்போ உங்க குரல் பலமில்லையா, நீங்க வயல்ல நின்னு மாட்டை அதட்டினா டவுன் வரைக்கும் கேக்குமே? பிறகு டோன் என்றார், ரெண்டு செட்டுக்கும் ஒரே டோன் இல்லாவிட்டால் ஒன்றின் பேச்சுக்கு மற்றது வாய் திறக்காதாம், அதுவும் சரியாம். ஏரியலைக் கழற்றிவிட்டு டம்மி லோட் என்று எதையோ பூட்டினார், அதில் பேச்சு எங்கேயும் போகாமல் சூடாகிக் கரைஞ்சிருமாம், என் ஸலாமெல்லாம் போன இடம் அதுதானோ? கடைசியாக, இது ஸிம்ப்ளெக்ஸ், றஹீம் நானா, ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பேசலாம் என்றார். நானும் அதைத்தானே செய்யிறேன், ஸலாத்தைச் சொல்லிட்டு உங்களுக்கு இடம் விட்டுத்தானே இருக்கிறேன்? செட்டில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.

செட்டில் குறையில்லை என்றால் குறை உங்கள் மனசில்தான். ஸலாத்துக்குப் பதில் தராத வீட்டுக்கு மகளை எப்படி அனுப்புவது? ஆகவே உங்கள் மகன் அம்ஹருக்கும் றிஸ்லாவுக்கும் பேசிய கல்யாணத்தை இத்தோடு நிப்பாட்டிக்கொள்வோம். வீட்டில் இதைச் சொன்னதிலிருந்து றிஸ்லா என்னோடு பேசுவதில்லை. றஸ்மியா சோற்றை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கு. நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று எனக்கு ஒண்ணும் விளங்கவில்லை மச்சான்.

உங்களுக்கும் அம்ஹரின் உம்மா மச்சிக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு, மனம் நொந்த
றஹீம்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் கடைசியாக ஒரு ஸலாம் சொன்னேன். பசை தடவ ரெண்டு கையும் வேண்டியிருந்ததால், நிப்பாட்டாமலே செட்டை மேசையில் வைத்தேன். அது உங்கள் குரலில் பேசியது.

“வஅலைக்குமுஸ்ஸலாம் மச்சான். நீங்க பட்டனை விட்டாத்தானே நான் பேச ஏலும்? அதை அமத்திக்கிட்டே நீங்க என்னைத் திட்டினதெல்லாம் நாங்க குடும்பமா உக்காந்து கேட்டோம். வந்து சொன்னா வெக்கப்படுவீங்கன்னுதான் வரல்ல. ஆனா நேத்து, றிஸ்லாவை எங்க வீட்டைத் தவிர வேற எங்கயும் குடுக்க மனசில்லைன்னு அழுதீங்களே, அதுக்குப் பிறகு எங்களுக்குச் சிரிக்க ஏலாமப் போச்சு.”

மேலே எழுதியதை வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாள் குறிக்க மச்சியோடு வாங்க. இதைச் செட்டிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஸலாம் சொல்லிவிட்டுக் கையை எடுக்க எனக்கு இன்னும் மனசு வருதில்லை.