ஏழு பேர்ச் இருபத்தெட்டான கதை

வரைபடத்தைப் பெரிதாக்கினால் நிலம் பெரிதாகாது. தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரியும். தெரியவைத்தவள் நான்.

லயத்து வரிசை அறைகளில் இருந்த எங்களுக்குக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் என்று முடிவாகி, காணி பிரித்த படத்தின் பிரதி தோட்டத்துச் சங்கத் தலைவரான அப்பாவிடம் வந்தது. சண்டை கிண்டை வந்தால் வீடுகள் பக்கத்து டிவிஷனுக்குப் போய்விடும் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பியிருந்தார். படமோ கையகலம். புஷ்பம் அக்கா (கடைசி லயம், கடைசி காம்பரா, காணியும் கடைசி) கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நசுங்கிக் கிடந்த எறும்பைத் தன் காணி என்று காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உயர்தரத்தில் புவியியல் படித்தவள். டவுனில் போட்டோகொப்பிக் கடை இருந்தது. அதெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று நினைத்தேன்.

படத்தில் ஒரு சென்ரிமீற்றர் கட்டங்கள், பிரிஸ்டல் போர்டில் இரண்டு சென்ரிமீற்றர் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்தேன். பாதை, ஆறு, எல்லை எதிலும் பிசகில்லை. கீழே ஸ்கேல் காட்டும் 'அளவுத்திட்டம் 1:1000' என்பதையும் விடாமல் எழுதினேன், எழுத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக. (நிழல் போட்ட எழுத்து வேறு.)

படத்தை, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டி, ஒரு சென்ரிமீற்றர் என்றால் தரையில் பத்து மீற்றர் என்று விளக்கினேன். ஆளாளுக்கு அடிமட்டம் வைத்து அளந்தார்கள். நீள அகலத்தைப் பெருக்கினால் காணி ஒன்று இருபத்தெட்டு பேர்ச் வந்தது. ஏழு என்றவர்கள் ஏன் இவ்வளவு தருகிறார்கள் என்று யாரும் சந்தேகப்படவில்லை. அரசாங்கத்துக்கு மனசு வந்துவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். படம் போட்டது தன் மகள் என்று அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

மறுநாள் காணியை அளந்து காட்டச் சர்வேயர் வருமுன்பே எல்லாரும் கயிறும் கம்புமாகக் கிளம்பிவிட்டார்கள். கால்வாசிப் பேர் அளந்ததுமே நிலம் முடிந்துவிட்டது. அடுத்தவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவையும் கோயில் வாசலையும் எடுத்துக்கொண்டார்கள். புஷ்பம் அக்காவின் காணி ஆற்றைத் தாண்டி யாருடைய ரப்பர் தோட்டத்திலோ விழுந்தது. அவர் திரும்பி வந்து முதல் காணியின் கம்பைப் பிடுங்கினார். பிறகு எல்லாரும் எல்லாருடைய கம்பையும் பிடுங்கினார்கள். அந்த நேரம் பார்த்துத் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. வீடு பக்கத்து டிவிஷனுக்குப் போச்சு என்று நினைத்தேன்.

துரையோடு இறங்கிய சர்வேயரிடம் காணி களவு போய்விட்டதென்று முறையிட்டார்கள். அவர் என் படத்தையும் தன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கவுத மேக ஹெதுவே?" யார் செய்தது இது என்று கேட்டார்.

அப்பா மலையைப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும்.

"தலைவர் மகதாங்க மாத்தயா" என்றார் புஷ்பம் அக்கா.

"படம் சரி, மிஸ்" என்றார் சர்வேயர் தமிழில். "கடுதாசிதான் பெருசாச்சு. காணி பெருசாகல்ல."

என் படத்தில் ஆயிரத்தை வெட்டி ஐந்நூறு என்று எழுதினார். அந்த ஒரு கோட்டில் குடும்பத்துக்கு இருபத்தொரு பேர்ச் போனது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்ற கேள்விக்குப் பாடசாலையில் எனக்கு முழுப் புள்ளி.

புஷ்பம் அக்காதான் முதலில் சிரித்தார். "நல்ல வேள. அந்தப் பக்கம் அட்டக்கடி தாங்கல."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சண்டையைத் தேடிய துரைக்கு அது கிடைக்கவில்லை. வீடுகள் வந்தன, ஏழு ஏழு பேர்ச்சில்.

அன்றிலிருந்து தோட்டத்தில் யார் அளந்தாலும், "ஸ்கேல மாத்துங்க" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கடைக்கே மனேஜர் என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

"ஸ்கேல மாத்திட்டீங்களாண்ணே?" என்று குசினியிலிருந்து புஷ்பம் அக்கா கேட்டார். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார். அடக்கமானவர் என்று நினைத்தேன்.

கலியாணம் முடிந்து போய்ப் பார்த்தேன். அந்தக் கடையில் வேலை செய்வது அவர் ஒருவர்தான்.