ஐந்து ஸ்பீக்கரில் நான்கைக் காணோம்

பூச்சி,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்கிறார் அப்பா. நாங்கள் சிலிபினில் நம் பழைய வீட்டிலேயே இருக்கிறோம். உன் நலத்தை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

விஷயம் உன் கேம் கம்ப்யூட்டர்தான். நீ போனதிலிருந்து வெள்ளிக்கிழமையானால் உன் படத்துக்கு முன்னால் நாசி லெமாக் சோறும் மைலோவும் வைத்து, கம்ப்யூட்டரில் தேவாரம் போடுகிறேன். திரையில் வரி ஓடும், சத்தம் வராது. எந்த ஸ்பீக்கர் என்று கேட்கிற இடத்தில் ஐந்து பெயர் இருந்தது. அறையில் இருப்பதோ ஒன்று. மற்ற நான்கையும் கட்டிலுக்கு அடியில் தேடினேன், உன் ஒற்றைச் சிலிப்பர்தான் கிடைத்தது. சரி, கெட்டுப்போன சாமான் என்று விட்டுவிட்டு, வாரா வாரம் அதன் முன்னால் உட்கார்ந்து உன்னிடம் பேசுவேன். யாருமில்லை என்று எல்லாத்தையும் பேசினேன். உன் கருமாதிக்கு நவமணி அத்தை வைத்த சாம்பார் லொங்காங் சாக்கடையில் ஓடுகிற தண்ணி மாதிரி இருந்ததையும்.

போன ஞாயிறு அத்தை ஒரு சட்டி சாம்பாரோடு வந்து நின்றாள். "ருசி பாருங்க அண்ணி. இந்த வாட்டியும் கம்ப்யூட்டர்லயே சொல்லுங்கலா, எங்க கனகராஜ் கேட்டுட்டு வந்து சொல்லுவான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அத்தை மகன் கனகராஜ் உன்னோடு கேம் ஆடுகிறவன், அவனுக்கு எப்படித் தெரியும்? செமோரிலிருந்து உன் கூட்டாளி யுகேந்திரனை வரச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமலே விளக்கினான். அந்த நான்கும் சாமானே இல்லையாம், கம்ப்யூட்டர் தனக்குள்ளே வைத்திருக்கிற ஸ்பீக்கராம். கேம் ஆடும்போது கூட்டாளிகளுக்குப் பாட்டுப் போட நீ அமைத்ததாம். கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் சத்தம் தானாகவே கேமில் அவர்கள் பேசிக்கொள்கிற இடத்துக்குப் போய்விடுமாம். தேவாரமும் அந்த வழியில் போயிருக்கிறது, திரைக்கு மேலே இருக்கிற கேமரா மைக்கில் என் பேச்சும் போயிருக்கிறது. சுங்கை சிப்புட் டவுன் வரைக்கும் சாம்பார் கதை போய்விட்டது பூச்சி.

ஒருத்தனுக்கும் வாய் இல்லையா என்று கேட்டேன்.

"மொத வாரமே சொன்னோம்மா. அப்புறம் வெள்ளிக்கெழமையானா கேம நிறுத்திட்டு உங்களுக்குப் பதில் பேசிக்கிட்டே இருந்தோம். நாங்க பேசுறது அவன் ஹெட்செட்டுக்குத்தான் போகும். அது இங்க இல்லியே."

எப்படி இருக்கும்? உன்னைக் கொண்டுபோன பெட்டியை மூடுவதற்கு முன்னால், பிடித்த சாமான் கூடவே போகட்டும் என்று உன் தலைமாட்டில் வைத்தவள் நான்தானே. சார்ஜரை வைக்கத் தோன்றவில்லை. அந்த வயரில்லாத ஹெட்செட்டுக்கு உள்ள சின்னக் குச்சி கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்ததாம். அதனால் கம்ப்யூட்டர் உன்னைத் தேடித் தேடிச் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. குச்சியைப் பிடுங்கு, நான்கையும் அழி என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒரே ஸ்பீக்கர். தேவாரம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. இனி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசமாட்டேன், இது சத்தியம். அத்தை சாம்பார் இந்த முறை பரவாயில்லை, உப்பு கொஞ்சம் தூக்கல். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நீண்ட ஆயுளோடு இரு என்று எழுதித்தான் பழக்கம். கை வரவில்லை. பசியோடு இருக்காதே.

அம்மா

பி.கு.: இன்றைக்கு வெள்ளிக்கிழமை. யுகேந்திரனைக் கூப்பிட்டு நான்கையும் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன். குச்சியை நானே செருகினேன். அதன் முன்னாலேயே உட்கார்ந்து உப்பு விஷயத்தையும் சொல்லிவிட்டேன், அத்தைக்குப் போகட்டும். பிள்ளைகள் பதில் பேசியிருப்பார்கள். உனக்குக் கேட்டுச்சாடா?