விண்டோ மேனேஜர் மேல் ஒரு முறைப்பாடு

வெள்ளவத்தை,
12.10.2008

அன்பு மகன் பிரணவனுக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் கிருபையாலும் கொழும்பில் தமிழருக்குத் தருகிற பொலிஸ் பதிவுத் துண்டின் புண்ணியத்தாலும் நானும் அம்மாவும் சுகம். அம்மா கொஞ்சம் மெலிவு, வேறொன்றுமில்லை. கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடிக்கொண்டு திரி.

போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், அதனால் எழுதுகிறேன். முகம் பார்த்துக் கதைக்க நீ போட்டுத் தந்த அப்ளிகேஷன் போன ஞாயிறும் பாதியில் மூடுப்பட்டு விழுந்துவிட்டது. வழமைபோல் நான் ஹோலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், அம்மா அறைக்குள் கொம்பியூட்டருக்கு முன்னால். "தம்பி வாறான்" என்றா. அடுத்த மூச்சில் "விழுந்திட்டுதப்பா" என்றா. பிழை அப்ளிகேஷனிலா, திரையில் திறக்கிற பெட்டிகளுக்குச் சட்டம் பூட்டி முன்னுக்கும் பின்னுக்கும் அடுக்குகிற விண்டோ மேனேஜரிலா என்று பிரித்தறிய வேண்டும் என்றாய். நானும் கந்தோரில் காலம் தள்ளினவன்தான். விழுகிறவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், நிர்வாகத்தை ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் நீ சொன்னபடி கறுப்புத் திரையில் அப்ளிகேஷன் தன் பிழைகளை எழுதி வைக்கிற பதிவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேடுதலுக்கு வந்த பொலிஸ்காரர் வெள்ளை எழுத்து ஓடுவதைக் கண்டுவிட்டு "மே மொகத்த?", இது என்ன, என்றார். விண்டோ மேனேஜரைச் சோதிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அந்த விளக்கத்துக்காக என்னைப் பின்னேரம் வரை ஸ்டேஷன் வாங்கில் இருத்தி வைத்தார்கள். திரும்பி வந்து பதிவைப் பார்த்தால் பிழை என்று ஒரு சொல் இல்லை, அப்ளிகேஷன் ஒழுங்காகத் தானே வெளியேறியது என்றிருக்கிறது. கீழ்வீட்டு முத்துலிங்கத்தின் மகன், லண்டனிலிருந்து தாயைப் பார்க்க வந்தவன், போன மாதம் வெள்ளை வானில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவனையும் ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். தானே வெளியேறினானாம்.

பிறகு மேனேஜரை மாற்றினேன். நீ சொன்ன அந்த மொட்டை மேனேஜர். சட்டமில்லை, மூலையில் பெட்டியை மூடுகிற X புள்ளடியில்லை, வெறும் பெட்டி. அப்ளிகேஷன் விழவே இல்லை. "அம்மா எங்கை? வெறுங்கதிரைதான் தெரியுது" என்று நீதானே போனில் கேட்டாய். பால் பொங்குது என்று குசினிக்கு ஓடிவிட்டா. அன்றைக்கு வீட்டில் ஏது பால் என்று நான் கேட்கவில்லை, எனக்கு முடிவு கிடைத்த சந்தோசப் புளுகம். பழைய மேனேஜரைத் திரும்பப் போட்டேன், விழுந்தது. ஆகக் குற்றவாளி விண்டோ மேனேஜர்தான். ஒரு தாய் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் இந்த ஊரில் நிர்வாகம் விடாது. இனி உந்த ஆராய்ச்சி என்னால் ஏலாது. மார்கழி லீவில் வந்து திருத்துகிறேன் என்றாய், கட்டாயம் வா.

அம்மாவின் அன்பும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற என் ஆசியும்.

இப்படிக்கு
அப்பா
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு: உறையை ஒட்டமுதல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கட்டாயம் வா" என்ற இடத்தில் கடிதத்தைப் பறித்துவிட்டா. "விழேல்லையப்பா. மூலையில இருக்கிற புள்ளடியை நான்தான் அமத்தினனான். இந்த எலும்பு முகத்தைக் கண்டானெண்டால் அவன் மார்கழி வரைக்கும் நிப்பானே? அடுத்த பிளேனிலை வந்து இறங்குவான். கீழை முத்துலிங்கத்தின்ரை மனிசி இருக்கிற இருப்பு என்னாலை ஏலாது" என்றா. மொட்டை மேனேஜரில் அமத்தப் புள்ளடியில்லை, அதனால்தான் எழும்பி ஓடியிருக்கிறா. ஒவ்வொரு முறையும் உன் முகம் வந்ததும் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் அமத்தினாவாம்.

ஆகையால் மகன், மேலே எழுதினதெல்லாம் பிழை. ஞாயிற்றுக்கிழமை வழமைபோல் எடு. அது விழும். நீ வராதே.